பட்டாசு அறையின் கூரை



விமான நிலையத்துக்குச் சென்று வந்தவர்கள் விமானத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஓடுபாதையின் நீளத்தைப் பற்றிப் பேசுவார்கள். அங்கே இருக்கும் தீயணைப்பு நிலையத்தைப் பற்றிப் பேசியவர் எவரையும் நான் கண்டதில்லை. ஆனால் கட்டடக் கலை பயில்வோர் முதலில் பார்க்கவேண்டிய கட்டடம் அதுதான் என்பது என் எண்ணம். ஏனெனில், அந்தக் கட்டடத்தை வரைபவன் எழுதுகோலை எடுக்குமுன் கடிகாரத்தை எடுத்து மேசைமீது வைத்துக்கொள்கிறான்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்துள்ள விதி ஒன்று உண்டு. அபாய அழைப்பு வந்தது முதல் 3 நிமிடங்களுக்குள், கூடுமானால் 2 நிமிடங்களுக்குள், ஓடுபாதையின் எந்த மூலையிலும் முதல் வண்டி நின்று நுரையைப் பாய்ச்சத் தொடங்கியிருக்கவேண்டும். இந்த ஒரு விதியிலிருந்து அந்தக் கட்டடம் முழுவதும் பிறக்கிறது. வண்டி நிற்கும் கூடத்தின் கதவு ஓடுபாதையை நோக்கித் திறக்கிறது. அங்கிருந்து செல்லும் பாதையில் வளைவுகள் இயன்றவரை இல்லை. கண்காணிப்பு அறையிலிருந்து பார்த்தால் ஓடுபாதை தடையின்றித் தெரிகிறது. வீரர்கள் உறங்கும் அறைக்கும் வண்டிக்கும் இடையே எத்தனை அடி, எத்தனை கதவு என்பதெல்லாம் விநாடிக் கணக்கு. ஒரு புதிய பெரிய விமானத்துக்கு அனுமதி வழங்குமுன், அதன் வாயில்களில் பாதியை அடைத்துவைத்து, மீதிப் பாதி வழியாகப் பயணிகள் அனைவரும் 90 விநாடிகளில் வெளியேற முடிகிறதா என்று பரீட்சை செய்து பார்க்கிறார்கள். விமானமும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. கட்டடமும் அதே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது.

எங்கள் விருதுநகர் மாவட்டத்தார் விமானம் ஏறவேண்டுமென்றால் மதுரைக்குப் போவது வழக்கம். ஆனால் தீயைப் பற்றி அறிந்துகொள்ள நாங்கள் எங்கும் போகவேண்டியதில்லை. சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டை வட்டாரத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உண்டு. 1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மானாவாரி வேளாண்மையில் மழையை நம்பி ஏமாந்த மண்ணில் அத்தொழில் வேரூன்றியது. அதன்பின் பட்டாசுத் தொழிலும் வந்து சேர்ந்தது. மழை குறைந்த நிலம் உழவனுக்குப் பகை, வெடிமருந்துக்கோ நட்பு. ஈரமில்லாத காற்று தாளையும் மருந்தையும் விரைவில் உலர்த்திக் கொடுத்துவிடும்.

இந்த ஆலைகளுக்கு விமான நிலையத்தின் கடிகாரக் கணக்கு பொருந்துமா? பொருந்தாது. விமானத்தில் பற்றும் தீ எரிபொருளின் தீ. அது பரவ நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் நாம் போய்ச் சேரலாம். மருந்து கலக்கும் அறையில் பற்றும் தீயோ, நீங்கள் ‘தீ’ என்று சொல்லி முடிப்பதற்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் ஆகிய ஊர்களில் உள்ள நிலையங்களிலிருந்து வண்டிகள் எவ்வளவு விரைந்து வந்தாலும், அவை வருவது முதல் அறைக்காக அன்று, அடுத்த அறைக்காக.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. அதை வேதியியல் மாணவர்கள் எளிதில் உணர்வார்கள். விமானத் தீயின்மீது நுரையைப் போர்த்தினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் எரிபொருளை அடைய முடியாமல் தீ மடிகிறது. பட்டாசு மருந்தில் இந்த உபாயம் பலிக்காது. அதிலுள்ள பொட்டாசியம் நைட்ரேட் என்னும் வெடியுப்பு தன்னுள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து நிற்கிறது. மருந்துக்கு மேல் போர்வையைப் போர்த்தினாலும் அது உள்ளிருந்தே மூச்சு விடும். அலுமினியப் பொடி எரியும்போது அதன்மேல் தண்ணீரைக் கொட்டினாலோ, தண்ணீரே பிரிந்து ஹைட்ரஜன் வாயு தோன்றித் தீயை வளர்த்துவிடக் கூடும். எனவேதான் அறை வாசலில் மணல் வாளியும் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. மணல் சிறு தீக்கு. தண்ணீர் பக்கத்து அறைகளைக் குளிர்விக்கவும், மனிதன்மேல் பற்றிய தீயை அணைக்கவும்.

ஆகவே, பட்டாசு ஆலையில் தீயணைப்பு நிலையம் என்பது தனிக் கட்டடமாக இருந்து பயனில்லை. ஒவ்வோர் அறையும் தனக்குத் தானே தீயணைப்பு நிலையமாக அமையவேண்டும். அதன் வேலையை, தீ வருமுன்பே, சுவரும் கதவும் இடைவெளியும் கூரையும் செய்து முடித்திருக்கவேண்டும்.

அவற்றுள் இடைவெளியை முதலில் எடுத்துக்கொள்வோம். நீங்கள் இந்த வட்டாரத்தில் பேருந்தில் செல்லும்போது, வெட்டவெளியில் சிறு சிறு அறைகள் ஒன்றையொன்று தொடாமல், சினம் கொண்ட உறவினரைப் போல் தள்ளித் தள்ளி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரே பெரிய கட்டடமாகக் கட்டினால் செங்கல்லும் சிமெண்டும் எவ்வளவோ மிச்சமாகுமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். இதற்கு விடை கணக்கில் இருக்கிறது. ஒரு வெடிப்பின் தாக்கம் எட்டும் தூரம், வெடிக்கும் மருந்தின் எடைக்கு நேர் விகிதத்தில் வளர்வதில்லை. அந்த எடையின் கனமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. 8 கிலோ மருந்தின் அதிர்ச்சி 10 மீட்டர் தூரத்தில் எவ்வளவு இருக்குமோ, அதே அளவு அதிர்ச்சி 1 கிலோ மருந்துக்கு 5 மீட்டரிலும், 64 கிலோ மருந்துக்கு 20 மீட்டரிலும் இருக்கும். அதாவது, ஆபத்தின் எல்லையைப் பாதியாக்க வேண்டுமானால் மருந்தை எட்டில் ஒரு பங்காக்க வேண்டும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 கிலோ மருந்து ஒரே அறையில் இருந்தால் அதைச் சுற்றி 20 மீட்டர் ஒதுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருபதின் வர்க்கம் 400. அதையே 8 அறைகளில் எட்டெட்டுக் கிலோவாகப் பிரித்து வைத்தால் ஒவ்வோர் அறையையும் சுற்றி 10 மீட்டர் போதும். பத்தின் வர்க்கம் 100. எட்டு அறைகளுக்கு 800. எனவே பிரித்து வைப்பதற்கு இரு மடங்கு நிலம் தேவைப்படுகிறது. ஆனால் ஓர் அறை போனால் போவது எட்டில் ஒரு பங்கு மருந்துதான். அபாயத்துக்கு உள்ளாவோரும் ஓர் அறையினர்தான். நிலத்தை இரட்டித்து இழப்பை எட்டாக வகுக்கும் இந்தப் பேரம் எவ்வளவு மலிவானது என்று பாருங்கள். விலையேறிய நிலத்தின் உரிமையாளருக்கு மட்டும் இது சில வேளைகளில் மலிவாகத் தோன்றுவதில்லை.

1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், அதன்கீழ் அமைந்த 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் இந்தக் கணக்கைத்தான் சட்ட மொழியில் எழுதியிருக்கின்றன. ஓர் அறையில் இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம், ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது என்றெல்லாம் விதிகள் கூறுகின்றன. இத்துறையின் தலைமை அலுவலகம் நாக்பூரில் உள்ளது. அதனால் எங்கள் பக்கத்தில் பெரிய ஆலையை ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்றே குறிப்பிடுவார்கள். நாக்பூரை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்கள்கூட அந்தப் பெயரைத் தினமும் உச்சரிக்கிறார்கள்.

இனி, அறைக்குள் செல்வோம். வாசலில் ஒரு செம்புத் தகடு. உள்ளே போகுமுன் அதைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும். உலர்ந்த காற்றில் நடந்து வரும் மனித உடலில் நிலைமின்சாரம் தேங்கும். அது தகட்டின் வழியே மண்ணுக்குப் போய்விடுகிறது. கோயிலுக்குள் நுழைவோர் வாயிற்படியைத் தொட்டு வணங்குவது போலவே அந்தக் காட்சி இருக்கும். தரையில் ரப்பர் விரிப்பு. மணற்பருக்கை காலுக்கடியில் உராய்ந்தால்கூடப் பொறி தோன்றலாம் அல்லவா? இரும்புக் கருவி கூடாது, மரமும் பித்தளையும்தான். உடுத்துவது பருத்தி, நைலான் கூடாது. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கின்றன. அச்சத்தில் ஓடுகிறவன் கதவை இழுக்கமாட்டான். தள்ளுவான் என்ற மனித இயல்பை அறிந்து எழுதிய விதி அது. ஓர் அறையின் கதவு அடுத்த அறையின் கதவைப் பார்த்து நிற்பதும் நல்லதன்று. பொறி பறந்து போய் உட்கார இடம் கொடுத்ததாகும். வேலை பகலில் மட்டுமே. விளக்கு இல்லை, மின்விசிறியும் இல்லை. மின்சாரப் பொறி ஒருபுறமிருக்க, மாவைப் போன்ற மருந்தைக் காற்றில் கிளப்பிவிடும் விசிறியை எவர்தாம் வைப்பார்?

அறையைச் சுற்றி மண்மேடு எழுப்புவது இன்னொரு முறை. ஏன் மண்? செங்கல் சுவர் வெடிப்பில் நொறுங்கினால் ஒவ்வொரு செங்கல்லும் ஓர் எறிபடை ஆகிவிடும். மண்மேடோ, பறந்து வரும் துண்டுகளைத் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு அடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் வால்தம் ஆபி என்னுமிடத்தில் அரசாங்கம் 1787இல் வாங்கி நடத்திய வெடிமருந்து ஆலையில் இத்தகைய மேடுகளை இன்றும் காணலாம். ஆலை 1945இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே கட்டடங்களுக்கு நடுவே மரங்களையும் அடர்த்தியாக வளர்த்திருந்தார்கள். அம்மரங்கள் மருந்துக்கு வேண்டிய கரியையும் கொடுத்தன, துண்டுகளையும் தடுத்தன.

அமெரிக்காவில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் டூபாண்ட் என்பவர் 1802இல் தொடங்கிய ஆலை இன்னும் நுட்பமானது. அவர் லவாய்சியரிடம் பயின்ற மாணவர். எனவே வெடிமருந்தை அவர் அஞ்சிய விதமும் விஞ்ஞானியின் விதம். அவருடைய அறைகளுக்கு மூன்று பக்கம் மிகத் தடித்த கற்சுவர். ஆற்றை நோக்கிய நான்காவது பக்கமும் மேற்கூரையும் மெல்லிய பலகை. வெடித்தால் பலகை ஆற்றை நோக்கிப் பறக்கும், கற்சுவர்கள் நிற்கும், அடுத்த அறை தப்பும். வெடிப்பை அடக்க முயலாமல், ‘உனக்கு வழி இதோ’ என்று காட்டிவிடுவதே அந்தக் கட்டடத்தின் தந்திரம். கஞ்சி கொதிக்கும் பானையின் மூடியைச் சற்றுச் சாய்த்து வைக்கும் நம் பெண்களுக்கு இதை எவரும் விளக்கவேண்டியதில்லை.

இவ்வளவும் நான் பிற்காலத்தில் நூல்களில் கற்றவை. இவற்றைக் கற்க என்னைத் தூண்டியது ஒரு கூரை. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது.

என் அத்தை, அதாவது என் தந்தையின் தங்கை, எங்கள் ஊருக்கு அருகில் இருந்த ஓர் ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்த்துவந்தார். மாலையில் திரும்பும்போது அவருடைய கைகளும் காதோர முடியும் அலுமினியப் பொடியால் வெள்ளிபோல் மின்னும். நான் சிறுவனாக இருந்தபோது விடுமுறை நாட்களில் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டு வருவேன். முள்வேலி வழியாக உள்ளே பார்த்தால், அத்தையும் இன்னும் ஐந்தாறு பெண்களும் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து அமர்ந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். அறை பக்கத்திலேயே காலியாகத் திறந்து கிடக்கும். அதிகாரிகள் வரும் செய்தி எப்படியோ முன்னதாக எட்டிவிடும். அன்று மட்டும் மரத்தடி வெறிச்சோடி, அறை நிறைந்திருக்கும்.

ஒரு சித்திரை மாதத்தில், சற்றுத் தொலைவிலிருந்த வேறோர் அறை வெடித்தது. அந்த அறையில் இருந்தவர்கள் இருவர். அவர்களுடைய முடிவைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை. பறந்து வந்த எரியும் தாள் ஒன்று மரத்தடியில் பரப்பியிருந்த தட்டில் விழுந்தது. அத்தை பிழைத்தார், இரு கைகளும் முழங்கை வரையில் வெந்துபோயின. மறுநாள் என் தந்தையோடு அங்கே சென்றேன். அத்தை உட்கார்ந்திருக்கவேண்டிய அந்த அறை, சுண்ணாம்புகூட உதிராமல், கதவு திறந்தபடியே நின்றுகொண்டிருந்தது. இடைவெளி சரியாக இருந்தது. சுவர் சரியாக இருந்தது. கணக்குப் போட்டவர் தம் கடமையைச் செவ்வனே செய்திருந்தார். உள்ளே ஆள்தான் இல்லை.

பல மாதங்களுக்குப் பின் அத்தையிடம் கேட்டேன்: “ஏன் அத்தை வெளியில உக்காந்திருந்தீக?”

அவர் சினக்கவில்லை. “உள்ள ஒரு நாழி உக்காந்து பாருய்யா. பெறவு கேளு” என்றார்.

அந்த அறைக்கு ஒற்றைத் தகட்டுக் கூரை. நான் பிறகு அதே மாதிரியான ஓர் அறையில், மருந்து எதுவும் இல்லாத நாளில், நண்பகலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நாழிகை எனக்குத் தேவைப்படவில்லை.

இதில்தான் கட்டடக் கலைஞனுக்கு உண்மையான சங்கடம் எழுகிறது. வெடிப்பை நினைத்தால் கூரை மெல்லியதாக இருக்கவேண்டும். கனமான கான்கிரீட் கூரை வெடிப்பில் எழும்பி, பிறகு உள்ளே இருப்பவர் மேலேயே விழும். வெடித்த தீயில் தப்பியவரும் கூரைக்கு அடியில் மாள்வர். வெயிலை நினைத்தாலோ மெல்லிய கூரை கொடுமை. தகடு வெயிலைக் குடித்து உடனே கீழே உமிழ்ந்துவிடும். உயிரைக் காப்பாற்றும் கூரை உடலை வாட்டுகிறது. வாடிய உடல் மரத்தடியை நாடுகிறது. மரத்தடிக்குச் சுவர் இல்லை; இடைவெளி இல்லை; செம்புத் தகடு இல்லை; நால்வர் என்ற கணக்கும் இல்லை. விபத்துகளைப் பற்றிய செய்திகளில் ‘மரத்தடியில் வைத்துப் பட்டாசு தயாரித்தது விதிமீறல்’ என்று படிக்கிறோம். விதிமீறல்தான், ஐயமில்லை. ஆயினும், அந்த வாக்கியத்தை எழுதுவோர் அறைக்குள் நிலவிய வெப்பத்தையும் ஒரு வரியில் குறித்திருந்தால் நன்றாயிருக்கும்.

எங்கள் வட்டாரத்தின் வெயிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சிவகாசி ஏறக்குறைய ஒன்பதரைப் பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஆகவே ஆண்டில் இரண்டு முறை சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கிறது. முதல் முறை ஏப்ரல் நடுவில், சித்திரை முதல் நாளையொட்டி. மறுமுறை ஆகஸ்ட் இறுதியில். அந்நாட்களில் பிற்பகல் பன்னிரண்டே கால் மணியைத் தாண்டியதும் நட்டு வைத்த கம்புக்கு நிழலே இராது. இதன் பொருள் என்ன? எங்கள் ஊரில் வெயில் சுவர் வழியாக வருவதைவிடக் கூரை வழியாக வருவதே பெரிது. சுவரை எவ்வளவு தடிப்பாகக் கட்டினாலும், நீளப் பக்கத்தை வடக்கும் தெற்குமாக எவ்வளவு ஒழுங்காகத் திருப்பினாலும், கூரையைக் கவனிக்காவிடில் பயனில்லை.

விசிறியும் குளிர்பதனமும் இங்கே ஆகாது என்று முன்னமே கண்டோம். எனவே குளிர்ச்சி கட்டடத்திலிருந்தே பிறக்கவேண்டும். மாநகரங்களில் மின்சாரத்தைக் குறைத்துக் காற்றாலும் நிழலாலும் வாழும் கட்டடங்களைப் புதுமை என்று பாராட்டிப் பரிசளிக்கிறார்கள். பட்டாசு அறைக்கு அது புதுமையன்று, வேறு வழியின்மை. 2018இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் ‘பசுமைப் பட்டாசு’ என்ற சொல் எங்கும் வழங்கிவருகிறது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் புகையும் நச்சும் குறைந்த கலவைகளை வகுத்துத் தந்தது. மிக நல்ல காரியம். பட்டாசைக் கொளுத்துபவரின் மூச்சைப் பற்றி இவ்வளவு சிந்தித்தோம்; அதைச் செய்பவரின் கூரையைப் பற்றியும் சிந்திக்கலாம் அல்லவா?

சிந்தித்தால் வழி இல்லாமல் இல்லை. கூரை கனமாக இருக்கவேண்டியதில்லை. இரண்டாக இருந்தால் போதும். மேலே ஒரு மெல்லிய தகடு. அதற்குக் கீழே ஒரு முழ இடைவெளி விட்டு இன்னொரு மெல்லிய தட்டி. நடுவிலுள்ள காற்று வெப்பமடைந்தால் மேலே எழும்பி ஓரத் திறப்பு வழியாக வெளியேறும். குளிர்ந்த காற்று அதன் இடத்தில் நுழையும். மேல்தகடு தாங்கிய வெயில் கீழ்த்தட்டிக்கு முழுவதும் வந்து சேராது. வெடித்தால் இரண்டும் பறக்கும், இரண்டும் இலேசு. மேல்தகட்டின் வெளிப்புறத்தில் ஆண்டுதோறும் கோடைக்கு முன் சுண்ணாம்பு அடித்துவிட்டால் வெயிலின் பெரும்பகுதி வானத்துக்கே திரும்பிவிடும். இடைவெளியில் மருந்துத் தூசி தங்கிவிடக் கூடாது என்பது ஓர் எச்சரிக்கை. தங்கிய தூசி மறைந்திருக்கும் மருந்தே. ஆகவே கீழ்த்தட்டியில் இடுக்கும் ஓட்டையும் இல்லாமல், துடைத்தெடுக்கக் கூடிய வழவழப்பான பொருளைத் தேர்ந்தெடுக்கவேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் கதவுகள் ஏற்கெனவே தப்புவதற்காக இருக்கின்றன. அவையே காற்றுக்கும் வழியாகும்.

மரம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் வேலைக்கு நிழலாக அன்று, அறைக்கு நிழலாக. வேம்பும் புங்கும் மண்மேட்டின்மேல் வளர்ந்தால் மண்ணையும் பிடித்துக்கொள்ளும், காற்றையும் குளிர்விக்கும். சருகைத் தினமும் கூட்டித் தள்ளவேண்டும். தானாக வந்து குடியேறிய சீமைக் கருவேலத்தையும் காய்ந்த புல்லையும் அறைகளுக்கு நடுவே விட்டுவைப்பது திரியை நாமே நீட்டி வைப்பதற்கு ஒப்பாகும். கூரையில் விழும் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டிகளில் சேர்த்தால் வறண்ட நிலத்திலும் தீக்குத் தண்ணீர் கிடைக்கும். ஊருணி வெட்டத் தெரிந்த மக்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டுமா?

ஈரத்தைப் பற்றி ஒரு சொல். கலந்த மருந்தை மிச்சம் வைத்து மறுநாளைக்கு வைப்பது பெருந்தவறு. இரவின் ஈரக் காற்றை அது உறிஞ்சினால் அலுமினியப் பொடி மெல்ல மெல்ல வினைபுரிந்து சூடேறும். காலையில் கதவைத் திறந்து கையை வைக்கும்போது, எவரும் எதையும் உரசாமலே, வெடிக்கலாம். எனவே அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே தீரவேண்டும். மிஞ்சியதை முறைப்படி அழித்துவிட வேண்டும். அறையின் அளவைச் சிறியதாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிறிய அறை மிச்சம் வைக்க இடங்கொடுப்பதில்லை.

நல்ல கட்டடம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆலையின் அறைகளைப் பலருக்குப் பிரித்து உள்குத்தகைக்கு விட்டுவிட்டால், நால்வர் இருக்கவேண்டிய இடத்தில் பலர் நெருங்குவர். பக்கத்து அறையில் என்ன மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியாது. அப்போது கனமூலக் கணக்கு காகிதத்தோடு நின்றுவிடும். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூருக்கு அருகில் அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு ஏறக்குறைய எட்டரை ஆண்டுகளுக்கு முன், 2012 செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்து இன்னொரு பாடத்தையும் காட்டியது. அங்கே மாண்ட நாற்பதுபேர் அளவினருள் பலர் ஆலைத் தொழிலாளர்களே அல்லர்; புகையைக் கண்டு உதவி செய்ய ஓடிவந்த சுற்றுப்புறத்து மக்கள். முதல் வெடிப்புக்குப் பின் அடுத்தடுத்து வெடித்ததை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

விமான நிலையத்தில் தீயை நோக்கி ஓடுவோர்க்கென்று தனிப் பாதையே அமைத்திருக்கிறார்கள். பட்டாசு ஆலையில் தீயை நோக்கி ஓடுவோரைத் தடுத்து நிறுத்தும் பாதை அமைக்கவேண்டும். வாயிலுக்கு வெளியே ஒரு எல்லைக்கல், அங்கே கூடுமிடம், அங்கே தண்ணீர், அங்கே அறைகளின் வரைபடம் என்று ஏற்பாடு இருந்தால், வந்து சேரும் தீயணைப்பு வீரருக்கு எந்த அறையில் எது இருக்கிறது என்று கேட்டுத் திகைக்க வேண்டியிராது. இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஒரு பலகையும் சிறிது வண்ணமும் வேண்டும்; அதை நாள்தோறும் திருத்தி எழுத ஓர் ஆளும் வேண்டும்.

அத்தை இப்போது எங்கள் வீட்டோடு இருக்கிறார். விரல்கள் முழுவதும் மடங்குவதில்லை, ஆனாலும் பூத்தொடுக்கிறார். இரட்டைக் கூரையைப் பற்றி நான் படம் வரைந்து காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, “மேத்தகடு காத்துல படபடன்னு அடிக்குமே, அதுக்கு என்ன செய்வ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆடிக் காற்றில் தகடு அதிரும்; அதிர்ந்தால் ஆணி தளரும்; இரும்பு ஆணி மருந்தின்மேல் விழலாம். அதன்பிறகு படத்தைத் திருத்தினேன். தகட்டை ஆணியால் அடிக்காமல், சுவருக்கு வெளியே நீண்ட மரச்சட்டத்தில் பித்தளைத் திருகால் பொருத்தவேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். உங்கள் பள்ளியில் தகட்டுக் கூரை வேய்ந்த சைக்கிள் கொட்டகை இருக்கும். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், சூரியன் உச்சியில் நிற்கும்போது, ஆசிரியரின் அனுமதியுடன் ஒரு வெப்பமானியை அங்கே தொங்கவிடுங்கள். நிற்பவரின் தலை உயரத்தில் வேண்டாம். தரையில் சாக்கு விரித்து அமர்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணின் தலை எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் தொங்கவிடுங்கள். பக்கத்து மரத்தடியில் அதே உயரத்தில் இன்னொன்று. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி, ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடியும் பாருங்கள்.